விக்டோரியா கால உடற்கூற்று ஓவியர்களிடையே போட்டியும் கொலையும்: வரலாறு இடம் கொடுக்குமா?

மைக்கூடு:

அன்பர்களுக்கு வணக்கம்.

1850களின் லண்டனைக் களமாகக் கொண்டு ஒரு குறுநாவல் எழுதத் தொடங்கியிருக்கிறேன். மருத்துவப் பள்ளிகளுக்காக மனித உடலின் உள்ளமைப்பை வரைந்து கொடுத்துப் பிழைக்கும் இரண்டு ஓவியர்கள் அதில் வருகிறார்கள். பெரிய உடற்கூற்று நூல் ஒன்றுக்குப் படம் வரையும் வாய்ப்பு ஒருவருக்குக் கிடைக்கிறது. பொறாமை தாளாத மற்றவர் அவரைக் கொன்று, யாருக்கும் ஐயம் எழாதபடி அந்த உடலையே அறுவைக்கூடத்துக்கு விற்றுவிடுகிறார். கடைசியில் அந்த நூலுக்கான வேலை இவரிடமே வந்து சேர, தான் கொன்றவரின் தசையையும் நரம்பையும் தானே உட்கார்ந்து வரைய வேண்டிய நிலை உண்டாகிறது என்பதுதான் கதையின் முடிச்சு.

முடிச்சு எனக்குப் பிடித்திருக்கிறது. வரலாறு அதற்கு இடம் கொடுக்குமா என்பதில்தான் தயக்கம். அக்காலத்து உடற்கூற்று ஓவியர்களுக்குள் கொலைவரை போன வழக்கு ஏதேனும் உண்டா? அவர்களுக்குள் இருந்த போட்டி பணத்துக்கானதா, பெயருக்கானதா, வரைவதற்குத் தேவைப்பட்ட உடல்களுக்கானதா? எடின்பரோவில் பிணம் விற்பதற்காகவே கொலை செய்த இருவரைப் பற்றி மேலோட்டமாகப் படித்திருக்கிறேன். அந்த விவகாரத்துக்கும் ஓவியத்துக்கும் ஏதாவது தொடர்பு இருக்கிறதா என்பதையும் அறிந்தவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

பழைய ஏடு:

ஓர் உடற்கூற்று ஓவியர் தொழில் பொறாமையால் இன்னொருவரைக் கொன்றதாகப் பெயர்பெற்ற வழக்கு எதுவும் இல்லை. கொலைகள் நடந்தன, ஆனால் கொன்றவர்கள் பிணம் விற்றவர்கள், வாங்கியவர்கள் உடற்கூற்று ஆசிரியர்கள். அவையும் விக்டோரியா அரியணை ஏறிய 1837க்கு முன்பே முடிந்துவிட்டன. உங்கள் கதைக்கு இந்தக் கால வேறுபாடு சிறிய விஷயமன்று என்பதால் சற்று விரித்தே எழுதுகிறேன்.

1832 வரை பிரிட்டனில் மருத்துவப் பள்ளிகள் சட்டப்படி அறுக்கக்கூடிய உடல்கள், பெரும்பாலும் கொலைக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டவர்களுடையவை மட்டுமே. எடின்பரோவிலோ பல்கலைக்கழகத்துக்கு வெளியே தனியாக வகுப்பு நடத்திய ஆசிரியர்கள் மாணவர்களிடம் நேரடியாகக் கட்டணம் வாங்கிப் பிழைத்தார்கள். அழுகாத உடலை யார் தவறாமல் தருகிறாரோ அவரிடம்தான் கூட்டம் சேரும். பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த மூன்றாம் அலெக்சாண்டர் மன்ரோ, பாட்டனார் எழுதிவைத்த குறிப்புகளையே வாசித்து மாணவர்களைத் தூங்கவைத்தார் என்று ஊரே கேலி பேசியது. சர்ஜன்ஸ் சதுக்கத்தில் பாடம் நடத்திய ராபர்ட் நாக்ஸிடமோ மாணவர்கள் நூற்றுக்கணக்கில் குவிந்தார்கள்.

1827 நவம்பரில், வில்லியம் ஹேரின் விடுதியில் தங்கியிருந்த முதியவர் ஒருவர் வாடகை பாக்கி வைத்துவிட்டு நோயால் இறந்தார். பாக்கியை ஈடுகட்ட அந்த உடலை விற்க நினைத்த ஹேரும் வில்லியம் பர்க்கும் முதலில் தேடிச் சென்றது மன்ரோவைத்தான். வழியில் எதிர்ப்பட்ட ஒரு மாணவர், நாக்ஸிடம் போங்கள் என்று கைகாட்டிவிட்டார். அங்கே அவர்களுக்கு 7 பவுன் 10 ஷில்லிங் கிடைத்தது. இறப்பவர்களுக்காகக் காத்திருப்பானேன் என்ற எண்ணம் அதற்குப் பிறகு வந்ததுதான். 1828 அக்டோபர் கடைசிக்குள் 16 பேரைக் கொன்று, உடல் ஒன்றுக்கு 8 முதல் 10 பவுன் வரை வாங்கினார்கள். மூச்சை அடைத்துக் கொன்றதால் உடலில் காயம் தெரியவில்லை.

இனி நீங்கள் கேட்ட ஓவியத் தொடர்பு. 1828 ஏப்ரலில் கொல்லப்பட்ட மேரி பேட்டர்சன் இளம்பெண். நல்ல உடலமைப்பு கொண்டவள். நாக்ஸ் அந்த உடலை உடனே அறுக்கவில்லை. சாராயத்தில் ஊறவைத்து மூன்று மாதம் பாதுகாத்தார். ஓவியரை வரவழைத்து அதை வரையவைத்தார். ஆலிஃபண்ட் என்பவர் வரைந்ததாகச் சொல்லப்படும் படத்தில் அவள் முதுகைக் காட்டிச் சாய்ந்து படுத்திருக்கிறாள். இறந்தவளின் உடல் என்று யாரும் சொல்லாவிட்டால், ஓவியக் கூடத்தில் மாதிரிக்குப் படுத்தவளைப் பார்த்து வரைந்தது என்றுதான் தோன்றும். அறுவைக்கூடம் ஓவியக்கூடமாக மாறிய அந்தத் தருணம், என் கருத்தில், கொலைகளைவிட அதிகமாகக் கதை எழுதத் தூண்டுவது.

தெருவில் எல்லோருக்கும் தெரிந்த இளைஞன் ஜேம்ஸ் வில்சனின் உடல் வந்தபோது மாணவர்கள் சிலர் அவனை அடையாளம் கண்டார்கள். நாக்ஸ் மறுத்தார். ஆனால் வழக்கத்துக்கு மாறாக, அடையாளம் காட்டக்கூடிய தலையும் ஊனமுற்ற பாதங்களும் முதலிலேயே அகற்றப்பட்டன. ஹேர் அரசுத் தரப்புச் சாட்சியாக மாறித் தப்பித்துக்கொண்டான். பர்க் 1829 ஜனவரி 28 அன்று தூக்கிலிடப்பட்டான். அவன் உடலை அறுத்துக் காட்டியவர், மாணவர்களை நாக்ஸிடம் இழந்துகொண்டிருந்த அதே மன்ரோ. பர்க்கின் எலும்புக்கூடு எடின்பரோ பல்கலைக்கழகத்தின் உடற்கூற்று அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. நாக்ஸ் மீது வழக்கே தொடரப்படவில்லை. எடின்பரோவில் செல்வாக்கிழந்து பிற்காலத்தில் லண்டனுக்குப் போன அவர் 1852இல் வெளியிட்டது என்ன தெரியுமா? ஓவியர்களுக்கான உடற்கூற்றுக் கையேடு.

லண்டனிலும் 1831இல் இதே பாணியில் கொலைகள் நடந்தன. அடுத்த ஆண்டே உடற்கூற்றுச் சட்டம் வந்தது. உங்கள் முடிச்சு தடுக்கி விழுவது இங்கேதான். அச்சட்டப்படி, இறந்து 48 மணி நேரம் கழியாமல் உடலை அறுவைக்கு எடுத்துச் செல்லக்கூடாது. எந்த விதமாக மரணம் நேர்ந்தது என்று மருத்துவர் கையொப்பமிட்ட சான்று வேண்டும். இதைக் கண்காணிக்கும் அரசு ஆய்வாளருக்கு 24 மணி நேரத்துக்கு முன்பே அறிவிக்க வேண்டும். அடக்கம் முடிந்ததற்கான சான்றையும் அனுப்ப வேண்டும். உடல்கள் ஏழையர் விடுதிகளிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் வந்தன. கேட்பாரற்று இறந்தவர்கள்தாம் அவர்கள். ஏழ்மையில் இறப்பதே தண்டனையாகிவிட்டது என்று அக்காலத்து எளிய மக்கள் கொதித்ததில் நியாயம் உண்டு. ஆனால் பின்வாசல் வழியாகச் சாக்குமூட்டையில் பிணம் விற்கும் வியாபாரம் அத்தோடு படுத்துவிட்டது. 1850களில் உங்கள் கொலைகாரர் உடலை விற்கப் போனால் முதலில் கேட்கப்படுவது காகிதம்தான்.

எலும்புக்கூடு:

கொலையைப் பழைய ஏடு விளக்கிவிட்டார். போட்டியைப் பற்றி, மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு கற்பிக்கும் நான் கொஞ்சம் சொல்கிறேன். உங்களுடைய அதே 1850களில், அதே லண்டனில், மிகப் பெரிய உடற்கூற்று நூலை ஒட்டி உண்மையான கதை ஒன்று இருக்கிறது. கத்தியும் இல்லை, ரத்தமும் இல்லை. மையால் அடித்த ஒரு கோடு மட்டும் இருக்கிறது.

ஹென்றி கிரே, செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் உடற்கூறு கற்பித்தவர். 25 வயதிலேயே ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தின் உறுப்பினர். அங்கேயே பயின்ற ஹென்றி வான்டைக் கார்ட்டர் அவரைவிட நான்கு வயது இளையவர். ஸ்கார்பரோவில் வாழ்ந்த ஓவியர் ஒருவரின் மகன். பெற்றோர் வைத்த பெயரிலேயே ஓவியர் வான் டைக் உட்கார்ந்திருக்கிறார். மண்ணீரலைப் பற்றி கிரே எழுதிய ஆய்வுரைக்கு 1853இல் 300 கினி (ஒரு கினி 21 ஷில்லிங்) பரிசு கிடைத்தது. அதற்குப் படங்கள் வரைந்து கொடுத்த கார்ட்டருக்கோ, அந்த ஆய்வு நூலாக வந்தபோது உரிய நன்றிகூடச் சொல்லப்படவில்லை. அப்படி இருந்தும், மாணவர்களுக்கான புதிய உடற்கூற்று நூல் ஒன்று செய்யலாம் என்று கிரே 1855இல் அழைத்தபோது கார்ட்டர் உடன்பட்டார். கையில் காசில்லாத இளம் மருத்துவருக்கு வேறு வழி என்ன இருந்திருக்கும்?

அந்த வேலையின் கடுமையை வாசகர்கள் உணர்வது அரிது. இருவரும் சேர்ந்து அறுப்பார்கள். பிறகு கார்ட்டர் பாக்ஸ் மரத்தின் குறுக்குவெட்டில் செய்த வழவழப்பான கட்டையின் மீது நேரடியாகப் பென்சிலால் வரைவார். அச்சில் நேராக விழ வேண்டும் என்பதால் கட்டையில் இடவலம் மாற்றி வரைய வேண்டும். இதயம் வலப்புறம் சாயும், ஈரல் இடப்புறம் போகும். அதன் பிறகு செதுக்குநர்கள் கோடுகளை மட்டும் மேடாக விட்டு மற்ற இடங்களைச் செதுக்கி எடுப்பார்கள். கட்டையில் இருந்த மூல ஓவியம் அதோடு போய்விடும். அக்காலத்து நூல்கள் பலவற்றில் உறுப்பிலிருந்து எண் ஒன்று வெளியே போகும். அந்த எண்ணுக்கான பெயரைத் தனியே பட்டியலில் தேட வேண்டும். கார்ட்டர் பெயர்களைத் தமனியின் மேலேயும் தசையின் மேலேயும் வளைத்து எழுதிவிட்டார். பரீட்சைக்கு முந்தைய இரவில் படிக்கிறவனுக்கு இது எவ்வளவு பெரிய உபகாரம் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

நூல் 1858இல் 28 ஷில்லிங் விலையில், 363 படங்களோடு வெளிவந்தது. முகப்புப் பக்கத்தின் அச்சு மெய்ப்பு இன்றும் இருக்கிறது. அதில் கார்ட்டரின் பெயரும் பெரிய எழுத்தில் இருந்தது. அதன் கீழே பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் அவர் ஏற்ற பேராசிரியர் பதவியும் இருந்தது. கிரே மையால் அந்தப் பதவியை அடித்துவிட்டு, கார்ட்டரின் பெயரையும் சிறிய எழுத்துக்கு இறக்கச் சொல்லிக் குறித்திருக்கிறார். கார்ட்டர் அதற்குள் இந்தியாவுக்குப் போய்விட்டதால் தட்டிக்கேட்க ஆளில்லை. பணத்திலும் இதே நிலைதான்: கிரேக்கு விற்பனையாகும் ஒவ்வோர் ஆயிரம் பிரதிக்கும் 150 பவுன், கார்ட்டருக்கு ஒரே ஒரு முறை 150 பவுன், அதோடு கணக்குத் தீர்ந்தது.

கிரே 1861இல் பெரியம்மை கண்ட தம் உறவினர் மகனுக்குப் பணிவிடை செய்து, அதே நோய் தொற்றி 34 வயதில் இறந்தார். கார்ட்டர் பம்பாயில் தொழுநோய், மதுரைக் கால் எனப்படும் பூஞ்சைப் புண், மீள்காய்ச்சல் ஆகியவற்றை ஆராய்ந்து தமக்கென ஒரு பெயரைச் சம்பாதித்துக்கொண்டு 1897இல் காலமானார். ஆனால் நூலின் பெயரைக் கேட்டால் உலகம் முழுவதும் கிரே என்றுதான் சொல்லும். எழுத்துநடை பதிப்புக்குப் பதிப்பு மாறிவிட்டது; நூலை நிலைநிறுத்தியவை படங்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

மானிப்பாய் வாசகர்:

எலும்புக்கூடு அவர்களின் பதிவோடு ஒரு சிறு தகவலைச் சேர்க்கிறேன். இந்த நூல் எங்கள் ஊருக்கும் வந்தது. மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிரீனின் முயற்சியில், 1872இல் அது ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற பெயரில் தமிழில் வெளியாயிற்று. யாழ்ப்பாணத்து மாணவர்கள் தமிழிலேயே உடற்கூறு படித்துக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் கார்ட்டர் இந்திய மருத்துவப் பணியில்தான் இருந்தார். அவர் காதுக்கு அந்தச் செய்தி எட்டியிருந்தால் மகிழ்ந்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

தூரிகை:

நான் ஓவியன் என்பதால் ஓவியர்களின் பக்கமிருந்து பேசுகிறேன். கார்ட்டருக்கு நேர்ந்தது புதிதன்று. அது அந்தத் தொழிலின் மரபு. 18ஆம் நூற்றாண்டில் யான் வான் ரிம்ஸ்டைக் என்ற நெதர்லாந்துக்காரர், பிரசவ மருத்துவத்தில் ஒருவருக்கொருவர் போட்டியாளர்களாக இருந்த வில்லியம் ஸ்மெல்லி, வில்லியம் ஹன்டர் ஆகிய இருவருக்குமே வரைந்தார். கருவுற்ற கருப்பையைப் பற்றிய ஹன்டரின் 1774ஆம் ஆண்டு நூலில் 34 பெரிய செப்புத்தகட்டுப் படங்கள். பெரும்பாலானவை ரிம்ஸ்டைக்கின் கைவண்ணம். முன்னுரையில் செதுக்குநர் ஒருவருக்கு நன்றி உண்டு, ரிம்ஸ்டைக்கின் பெயரே இல்லை. ஆசைப்பட்டதோ உருவ ஓவியராக வேண்டுமென்று; வாழ்ந்ததோ மருத்துவர்களின் கூலியாக. அந்தக் கசப்பு அவருக்கு இறுதிவரை இருந்தது.

இந்த நூல்களைச் சுற்றிக் கொலைக் குற்றச்சாட்டும் எழுந்ததுண்டு. நிறைமாதத்தில் இறந்த கர்ப்பிணிகள் இத்தனை பேர் இயல்பாகக் கிடைத்திருக்க முடியாது. எனவே ஸ்மெல்லியும் ஹன்டரும் ஆளை ஏவிக் கொல்லச் செய்திருக்க வேண்டும் என்று 2010இல் ராயல் சொசைட்டி ஆஃப் மெடிசின் இதழில் ஒருவர் கட்டுரை எழுதினார். மருத்துவ வரலாற்றாசிரியர்கள் பலர் அதை மறுத்தார்கள். கர்ப்பிணிகளின் இறப்பு அன்று அரிதன்று என்பதும், பல ஆண்டுகளாகச் சிறிது சிறிதாகச் சேர்த்த உடல்கள் அவை என்பதும் அவர்கள் வாதம். எனக்கும் மறுப்புத்தான் வலுவாகத் தோன்றுகிறது. எண்ணிக்கை பொருந்தவில்லை என்பது ஐயத்துக்குக் காரணமாகலாம், கொலைக்குச் சாட்சியாகாது. ஆனால் நாவலாசிரியருக்கு நீதிமன்றத்துச் சாட்சி தேவையில்லையே, மைக்கூடு!

ஓவியர்களே பிணத்தைத் தேடிப்போனதும் உண்டு. சிலுவையில் அறையப்பட்ட உடலைப் பழைய ஓவியர்கள் தவறாக வரைந்துவிட்டார்கள் என்று லண்டனின் கலைக் கழகமான ராயல் அகாடமியைச் சேர்ந்த பெஞ்சமின் வெஸ்ட், தாமஸ் பேங்க்ஸ், ரிச்சர்ட் காஸ்வே ஆகியோருக்கு ஐயம் எழுந்தது. 1801இல் கொலைக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்ட ஜேம்ஸ் லெக் என்ற முதிய படைவீரரின் உடலை அறுவை மருத்துவர் ஜோசப் கார்ப்யூவின் உதவியோடு பெற்று, சூடு ஆறுவதற்குள் சிலுவையில் அறைந்து தொங்கவிட்டார்கள். பிறகு தோலை உரித்து, பேங்க்ஸ் பாரிஸ் சாந்தால் அச்சு எடுத்தார். அது இன்றும் அகாடமியில் இருக்கிறது. வெட்டுண்ட மரம்போல் தலை ஒருபுறம் சரிந்து நிற்கும் அதைப் பார்த்தால், பார்த்து வரைந்த மாணவர்கள் இரவில் எப்படித் தூங்கினார்கள் என்றுதான் கேட்கத் தோன்றும்.

விக்டோரியா காலத்தோடு நேராகப் பொருந்தும் ஒருவரையும் சொல்லிவிடுகிறேன்: ஜோசப் டவுன். கைஸ் மருத்துவமனையில் 1826 முதல் 1879இல் இறக்கும்வரை மெழுகில் உடற்கூற்று உருவங்கள் செய்தவர். ஜான் ஹில்டன் அறுத்துக்காட்ட, டவுன் மெழுகில் வார்த்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட உருவங்கள். தோல்நோய்களின் கொப்புளமும் செதிலும்கூடப் பார்த்தால் தொடத் தயங்கும்படி இருக்கும். தம் மெழுகுக் கலவையையும் வண்ணம் ஏற்றும் முறையையும் அவர் யாருக்கும் சொல்லித்தரவில்லை. கதவைப் பூட்டிக்கொண்டுதான் வேலை செய்தார். நுணுக்கம் அவரோடே போயிற்று. போட்டியின் அச்சம் ஒரு கலைஞனை எந்த அளவுக்குக் கொண்டுபோகும் என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

மைக்கூடு:

மூவருக்கும், மானிப்பாய் அன்பருக்கும் மிக்க நன்றி. பூட்டிய அறையும் மெய்ப்பில் அடித்த கோடும் என் கதைக்குள் வந்தே தீரும். கொலையை விடவும் மனமில்லை. 1850களிலேயே வைத்துக்கொண்டு, உடலை விற்காமல் வேறு வழி செய்யலாமா, அல்லது கதையையே 1831க்குத் தள்ளிவிடலாமா? லண்டனில் நடந்ததைப் பற்றிப் பழைய ஏடு அவர்கள் ஒரு வரியில் தாண்டிவிட்டார். கொஞ்சம் சொல்ல முடியுமா?

பழைய ஏடு:

சொல்கிறேன். கதையை நகர்த்தாமலே உங்களுக்கு உதவக்கூடிய ஒருவர் அதில் இருக்கிறார்.

1831 நவம்பர் 5 அன்று ஜான் பிஷப், தாமஸ் வில்லியம்ஸ், ஜேம்ஸ் மே ஆகியோர் ஒரு சிறுவனின் உடலை லண்டன் கிங்ஸ் கல்லூரிக்குக் கொண்டுவந்தார்கள். கேட்டது 12 கினி, பேரம் படிந்தது 9 கினிக்கு. உடல் மிகப் புதிதாக இருந்தது, மண்ணில் புதைத்து எடுத்ததற்கான அறிகுறி எதுவும் இல்லை, நெற்றியில் காயம், பற்கள் பிடுங்கப்பட்டிருந்தன, ஏனெனில் மே அவற்றை ஏற்கெனவே பல் மருத்துவர் ஒருவரிடம் விற்றிருந்தான். கல்லூரிப் பணியாளர் ஹில் ஐயப்பட்டு, உடற்கூற்றுப் பயிற்றுநர் ரிச்சர்ட் பார்ட்ரிஜிடம் சொன்னார். பார்ட்ரிஜ் சத்தம் போடவில்லை. தம்மிடம் 50 பவுன் நோட்டுத்தான் இருக்கிறது, சில்லறை மாற்றிக்கொண்டு வருகிறேன், சற்றுப் பொறுங்கள் என்று நிதானமாகச் சொல்லிவிட்டுக் காவலர்களை அழைத்து வந்தார். பிஷப்பும் வில்லியம்ஸும் டிசம்பர் 5 அன்று நியூகேட்டில் தூக்கிலிடப்பட்டார்கள். எடின்பரோவில் நாக்ஸ் கேட்கத் தவறிய கேள்விகளை லண்டனில் ஒருவர் கேட்டார். வேறுபாடு அவ்வளவுதான், ஆனால் அது சில உயிர்களின் விலை.

உங்களுக்குப் பயன்படும் பகுதி இனிமேல்தான் வருகிறது. இதே பார்ட்ரிஜ் 1852இல் ராயல் அகாடமியின் உடற்கூற்றுப் பேராசிரியரானார். ஓவிய மாணவர்களுக்குத் தசையும் எலும்பும் சொல்லிக்கொடுத்தார். கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் மிக அழகாக வரைவார் என்று பெயர். ஆக, உங்கள் கதை நடக்கும் ஆண்டுகளில், லண்டனில் ஓவியம் கற்ற ஒருவர் உடற்கூறு கற்றிருக்கக்கூடிய ஆசிரியர், கொலையுண்ட உடலை ஒருமுறை நேரில் இனம்கண்டவர். உங்கள் இரண்டு ஓவியர்களையும் அவருடைய வகுப்பிலேயே உட்காரவையுங்கள். உடலை வெளியே விற்க வேண்டாம். ஏழையர் விடுதியிலிருந்து முறையான சான்றோடு வந்த உடலை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் கொலையுண்டவரின் உடலைக் கிடத்திவிடட்டும். காகிதம் சரியாக இருக்கும், எண்ணிக்கையும் சரியாக இருக்கும். இனி அவர் ஏமாற்ற வேண்டியிருப்பது பார்ட்ரிஜின் கண்களை மட்டும்தான். மாற்றிய உடலை எங்கே ஒளிப்பது என்பதை நீங்கள்தான் யோசிக்க வேண்டும். ஆறு வாரத்துக்குள் அடக்கச் சான்று கேட்டு ஆய்வாளர் வந்துவிடுவார்.